மெக்கார்த்தி வேடத்தில் மெக்கார்த்தி

தொலைக்காட்சிச் செய்தியின் வரலாறு – 17

சென்ற இதழில் 1954 மார்ச் 9 இரவோடு நிறுத்தியிருந்தோம். அன்றிரவு பத்தரை மணிக்கு அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்தில், எட்வர்ட் ஆர். மர்ரோ தமது ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியின் அரை மணி நேரத்தையும் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஒருவருக்கே ஒதுக்கினார். அதன் விளைவுகளுக்குள் போவதற்கு முன் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மர்ரோவின் அந்த நிகழ்ச்சியை நேரடியாகப் பார்த்தவர்கள் இன்று மிகக் குறைவு. உலகம் முழுவதும் அந்த இரவை அறிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் 2005-இல் ஜார்ஜ் குளூனி இயக்கிய ‘குட் நைட், அண்ட் குட் லக்’ படத்தின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். ஒரு வரலாற்று நிகழ்வை ஒரு படம் இந்த அளவுக்குத் தன்வசப்படுத்திக்கொண்டால், அந்தப் படத்தையும் வரலாற்று ஆவணங்களைச் சோதிப்பதுபோலவே சோதிக்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் வழி, யார் யாராக நடித்தார்கள் என்று பார்ப்பது. நடிகர் பட்டியலைச் சினிமாத் தகவல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நிஜ மனிதர்களைப் பற்றிய படத்தில் யாரை நடிகரிடம் ஒப்படைப்பது, யாரை ஒப்படைக்காமல் விடுவது, யாருக்கு வேடமே தராமல் போவது என்ற மூன்று முடிவுகளும் வரலாற்றைப் பற்றிய தீர்ப்புகள்தான். இந்தப் படத்தின் மிகப் பெரிய நேர்மையும் மிகப் பெரிய குறையும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன என்பது என் வாதம்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசிய மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் 205 பேரின் பட்டியல் தம் கையில் இருப்பதாகச் சொன்னார். அடுத்த நான்கு ஆண்டுகள் அவருடைய ஆண்டுகள். 1953 அக்டோபர் 20 அன்று மர்ரோ குழு மைலோ ராடுலோவிச் என்ற விமானப்படை ரிசர்வ் லெப்டினென்டின் வழக்கை எடுத்தது. தந்தையும் சகோதரியும் சந்தேகத்துக்குரியவர்கள் என்று சொல்லி, அவர்மீது வேறு குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலேயே அவரைப் பணியிலிருந்து நீக்க முயன்றார்கள். ஐந்து வாரங்களுக்குள் விமானப்படைச் செயலர் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு 1954 மார்ச் 9-இல் மெக்கார்த்தி பற்றிய நிகழ்ச்சி, மார்ச் 16-இல் ஆனி லீ மாஸ் என்ற பென்டகன் ஊழியரின் விசாரணை பற்றிய நிகழ்ச்சி, ஏப்ரல் 6-இல் மர்ரோவின் நேரத்திலேயே மெக்கார்த்தி அளித்த பதில். படம் ஏறக்குறைய இந்த ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

டேவிட் ஸ்ட்ரதேர்ன் மர்ரோவாக வருகிறார். தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியாகக் குளூனியே நடித்தார். சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலி வேடம் ஃபிராங்க் லாஞ்செல்லாவுக்கும், செய்திப் பிரிவுத் தலைவர் சிக் மிக்கெல்சன் வேடம் ஜெஃப் டேனியல்ஸுக்கும் போயின. செய்தியாளர் ஜோ வெர்ஷ்பாவாகவும் அவர் மனைவி ஷெர்லியாகவும் ராபர்ட் டௌனி ஜூனியரும் பட்ரிசியா கிளார்க்சனும். மாலைச் செய்தி வாசிப்பாளர் டான் ஹாலன்பெக்காக ரே வைஸ். நிகழ்ச்சி இயக்குநர் டான் ஹெவிட்டாக, படத்தின் திரைக்கதையைக் குளூனியுடன் சேர்ந்து எழுதிய கிரான்ட் ஹெஸ்லோவ். கதையின் எதிர்நாயகனான மெக்கார்த்திக்கு மட்டும் நடிகர் இல்லை. படம் முழுவதும் அவர் பழைய செய்திப்படச் சுருள்களில் மட்டுமே வருகிறார், தம் சொந்த முகத்தோடும் குரலோடும். படத்தைக் கறுப்பு வெள்ளையில் தந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒளிப்பதிவாளர் ராபர்ட் எல்ஸ்விட் பதிவுசெய்த காட்சிகளும் ஐம்பதுகளின் சுருள்களும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தெரிந்தாக வேண்டும். வெளியீட்டுக்கு முன் படத்தைப் பார்த்த சில பார்வையாளர்கள், மெக்கார்த்தியாக நடித்தவர் மிகையாக நடிக்கிறார் என்று குறை சொன்னதாகக் குளூனி கூறியிருக்கிறார். அந்த முகம் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் நிஜமாகவே இருந்தது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

இந்த முடிவின் நுட்பம் படத்தின் காட்சி அமைப்பில் இருக்கிறது. கதை பெரும்பாலும் சி.பி.எஸ். கட்டடத்தைவிட்டு வெளியே போவதில்லை. அரங்கு, கட்டுப்பாட்டு அறை, படத்தொகுப்பு அறை, மதுக்கடை. இந்த அறைகளில் நடமாடுபவர்கள் நடிகர்கள். அறைகளிலுள்ள மானிட்டர்களிலும் புரொஜெக்டர் திரையிலும் தெரிபவர்களோ நிஜ மனிதர்கள்: மெக்கார்த்தி, ராடுலோவிச், ஆனி லீ மாஸ், மர்ரோவின் இன்னொரு நிகழ்ச்சியான ‘பெர்சன் டு பெர்சன்’ பகுதியில் பியானோ கலைஞர் லிபராச்சி. அதாவது, செய்தியைத் தயாரித்தவர்கள் நடிக்கப்படுகிறார்கள், செய்தியானவர்கள் நடிக்கப்படவில்லை. இந்த எல்லைக்கோடு தற்செயலாக விழுந்திருக்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்குப் பதிவு கிடையாது, நினைவுகளும் ஊகமும்தான் உண்டு. அதனால் அங்கே நடிகர் வேண்டும். கேமராவுக்கு முன்னால் நடந்ததற்குப் பதிவு உண்டு. அங்கே நடிகர் வந்தால் அது பதிவை மறைப்பதாகும். மெக்கார்த்தி தரப்பில் நடிகர் ஒருவர் வரும் இடமும் இதை உறுதிப்படுத்துகிறது. 1935-இல் மாஸ்கோவில் நடக்கவிருந்த ஒரு கோடைக்காலக் கல்வித் திட்டத்தோடு மர்ரோவுக்குத் தொடர்பு இருந்தது என்று காட்டும் நகலை, மெக்கார்த்தியின் உதவியாளர் டொனால்ட் சுரைன் ஜோ வெர்ஷ்பாவிடம் மிரட்டலாகக் கொடுத்தார். அது நடந்த நடைபாதையில் கேமரா இல்லை. எனவே சுரைனாக ராபர்ட் நெப்பர் நடித்தார்.

நடிகர் வந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, முன்மாதிரிகள் உண்டு. 1977-இல் வந்த ‘டெயில் கன்னர் ஜோ’ தொலைக்காட்சிப் படத்தில் பீட்டர் பாய்லும், 1992-இல் வந்த ‘சிட்டிசன் கோன்’ படத்தில் ஜோ டான் பேக்கரும் மெக்கார்த்தியாக நடித்தார்கள். இருவரும் தேர்ந்த நடிகர்கள்தாம். ஆனால் நடிகர் ஒரு கொடியவரை ஏற்கும்போது அவருக்கு உள்ளே ஒரு காரணம் தேடுவார். பார்ப்பவர் அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்வார், அல்லது அந்தக் கொடுமையை நடிகரின் திறமையாக ரசிப்பார். இரண்டுமே மனிதரைப் பற்றிய ஆர்வத்தைப் பெருக்கி, அவர் செய்ததைப் பின்னுக்குத் தள்ளிவிடும். இன்னும் தெளிவான எதிர்மாதிரி ‘ஃபிராஸ்ட்/நிக்சன்’. 1977-இல் டேவிட் ஃபிராஸ்ட் முன்னாள் அதிபர் நிக்சனை நேர்கண்ட நிகழ்வை பீட்டர் மோர்கன் 2006-இல் நாடகமாக எழுதினார். 2008-இல் அது படமாயிற்று. நம் பேலியான அதே லாஞ்செல்லா அங்கே நிக்சன். மேடைக்காக டோனி விருதும் பெற்றார். அந்த நாடகத்தின் உச்சங்களில் ஒன்று, நிக்சன் குடித்துவிட்டு நள்ளிரவில் ஃபிராஸ்டுக்குத் தொலைபேசுவது. அப்படி ஓர் அழைப்பு நடக்கவே இல்லை. மோர்கன் படைத்தது அது. லாஞ்செல்லா அதை அபாரமாகச் செய்ததால், இன்று பலருக்கு அந்த அழைப்புதான் நிக்சன். நாடகம் என்ற வகையில் மோர்கனுக்கு அந்த உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பதிவுச்சுருளில் இருக்கும் மெக்கார்த்தியை எந்த நள்ளிரவிலும் யாருக்கும் தொலைபேசச் செய்ய முடியாது. குளூனியும் ஹெஸ்லோவும் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அவர்களை நம்புவதற்கு எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பழைய சுருள் என்றால் அது உண்மை என்று யார் சொன்னது? எந்தத் துண்டை எடுப்பது, எங்கே வெட்டுவது, எதை அடுத்து எதை ஒட்டுவது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் திரிக்கலாம். அபத்தமாகச் சிரிக்கும் கணங்களை மட்டும் தொகுத்தால் எந்த அரசியல்வாதியையும் கோமாளியாக்கலாம். இந்த மறுப்பு படத்துக்கு மட்டும் உரியதல்ல, மர்ரோவின் மார்ச் 9 நிகழ்ச்சிக்கும் உரியது. அன்றே இது எழுப்பப்பட்டது, அதுவும் மெக்கார்த்தியின் எதிரிகளால். விமர்சகர் கில்பர்ட் செல்டெஸும் ‘காமன்வீல்’ இதழின் ஜான் கோக்லியும் மெக்கார்த்தியை வெறுத்தவர்கள். ஆனால் மர்ரோ கையாண்ட முறை நாளை வேறொருவர் கையில் யாருக்கு எதிராகவும் திரும்பலாம் என்று எச்சரித்தார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, துண்டுக் காணொளிகளால் நாள்தோறும் ஒருவரை வீழ்த்தும் காலத்தில் அந்தக் கவலையின் நியாயம் கூடித்தான் இருக்கிறது.

ஆனாலும் அந்த மறுப்பு இந்தப் படத்தைச் சாய்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெட்டித் தொகுத்த சுருளைச் சோதிக்க முடியும், நடிப்பைச் சோதிக்க முடியாது. மார்ச் 9 நிகழ்ச்சி முழுதாக இருக்கிறது. மெக்கார்த்தியின் பதில் முழுதாக இருக்கிறது. ராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் இடையிலான விசாரணை 188 மணி நேரம் பதிவாகி, அதிலிருந்து எமில் டி அன்டோனியோ 1964-இல் ‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தொகுத்தவர் ஏமாற்றினாரா என்று பார்க்க விரும்புகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலம் உண்டு. இன்னொன்று, மர்ரோ மெக்கார்த்திக்குப் பதில் சொல்ல நேரம் கொடுத்தார், அந்தப் பதிலுக்கான படப்பிடிப்புச் செலவையும் சி.பி.எஸ். ஏற்றது. குளூனியும் அந்தப் பதிலைத் தம் படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். குள்ளநரிக் கூட்டத்தின் தலைவர் மர்ரோ என்றும், கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோகிறவர் என்றும் மெக்கார்த்தி குற்றம் சாட்டுவதை நாம் அவர் வாயிலிருந்தே கேட்கிறோம். அந்தப் பதிலே அவரைத் தாழ்த்திற்று என்றால் அது தொகுப்பாளரின் சூழ்ச்சியல்ல. தாமே அமர்ந்து, தமக்குப் பிடித்த வகையில் பதிவுசெய்த உரை அது.

ஆனி லீ மாஸ் விஷயத்தில் மறுப்பு இன்னும் கடினமானது. பென்டகனில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணி அவர். கம்யூனிஸ்ட் கட்சியில் ஊடுருவியிருந்த உளவாளி ஒருவரின் சாட்சியத்தை வைத்து அவரை விசாரித்தார்கள். மெக்கார்த்தி பாதியில் எழுந்து போய்விட்டார். கேமரா அந்தக் காலி நாற்காலியைக் காட்டியது. செனட்டர் ஜான் மெக்லெல்லன், செவிவழிச் செய்தியை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவதைக் கண்டித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மார்ச் 16 நிகழ்ச்சியில் இது வந்தது, படத்திலும் அதே சுருள் வருகிறது. 1958-இல் அரசு வாரியம் ஒன்று, கம்யூனிஸ்ட் கட்சியின் பதிவேடுகளில் ஆனி லீ மாஸ் என்ற பெயரும் அவருடைய முகவரியும் இருந்ததாக அறிவித்தது. படம் இதைச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படுகிறேன், படத்தின் முடிவில் இரண்டு வரி எழுத்தாகவாவது. ஆனால் இதனால் மர்ரோ தோற்றார் என்று முடிவுகட்டுகிறவர்கள் அவர் கேட்ட கேள்வியைக் கவனிக்கவில்லை. மாஸ் குற்றமற்றவர் என்று நிரூபிக்க அந்த நிகழ்ச்சி முற்படவில்லை. குற்றம் சாட்டுகிறவர் முன்னால் வர வேண்டும், சாட்சியம் கண்ணெதிரே வைக்கப்பட வேண்டும் என்பதுதான் அதன் வாதம். பின்னாளில் கிடைத்த ஆவணம் எதுவாக இருந்தாலும் அந்த வாதம் அப்படியே நிற்கிறது.

இனி நடிக்கப்பட்டவர்களிடம் வருவோம். மர்ரோவின் சுருள்களும்தான் ஏராளமாக இருக்கின்றன. அவரை மட்டும் ஏன் ஒரு நடிகரிடம் கொடுத்தார்கள்? வில்லனுக்குக் கரடுமுரடான பழஞ்சுருள், நாயகனுக்கு அழகிய ஒளியமைப்பும் தேர்ந்த நடிகரும் என்றால் அது சமமான ஆட்டமா? இந்தக் கேள்விக்கான பதில் மர்ரோவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் தம்மைத் தாமே செதுக்கிக்கொண்ட மனிதர். வட கரோலைனாவின் கிராமத்தில் 1908-இல் எக்பர்ட் என்ற பெயரோடு பிறந்து, வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் ஐடா லூ ஆண்டர்சன் என்ற பேச்சுக்கலை ஆசிரியையிடம் குரலைப் பழக்கினார். 1940-இல் லண்டனில் குண்டுகள் விழும்போது அவர் அனுப்பிய வானொலிச் செய்திகளின் தொடக்க வாக்கியத்தில், முதல் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விடும்படி எழுதியவர் அந்த ஆசிரியைதான். அந்த இடைவெளி அவருக்கு அடையாளமாயிற்று. ஆக மர்ரோவிடம் ஒரு நடிகர் எப்போதுமே இருந்தார். கேமராவில் தெரிந்த அமைதிக்கு அடியில் வியர்வையும், ஓயாமல் ஆடும் காலும், ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட்டும் இருந்தன என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சுருள்களில் கிடைப்பது அந்த அமைதி மட்டும். அடியில் இருந்ததைக் காட்ட ஸ்ட்ரதேர்ன் தேவைப்பட்டார்.

அதை அவர் மிகக் குறைந்த அசைவுகளில் செய்துகாட்டினார். படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு 56 வயது. 1954 மார்ச்சில் மர்ரோவுக்கு 45. ஆனால் மர்ரோ தம் வயதைவிட மூத்தவராகத் தோன்றியவர், 57 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதனால் அந்த வயது வேறுபாடு உறுத்தவில்லை. ஒளிபரப்பு தொடங்கும் முன் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்களை உயர்த்தாமல் காத்திருக்கும் ஸ்ட்ரதேர்ன், சிவப்பு விளக்கு எரிந்ததும் வேறு மனிதராகிவிடுகிறார். விளக்கு அணைந்ததும் முகம் தளர்கிறது, கை சிகரெட்டைத் தேடுகிறது. அந்தச் சில நொடிகளில், துணிச்சல் என்பது அச்சம் இல்லாததால் வருவதில்லை என்பதைப் படம் வசனமில்லாமல் சொல்லிவிடுகிறது. 2005 வெனிஸ் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆஸ்கருக்குப் படம் பெற்ற ஆறு பரிந்துரைகளில் அவருடையதும் ஒன்று. மெக்கார்த்தியின் உரத்த குரலுக்கு எதிரே உரத்த நடிப்பு ஒன்று நின்றிருந்தால், படம் இரண்டு மனிதர்களின் சண்டையாகச் சுருங்கியிருக்கும்.

ஃபிரெண்ட்லி வேடத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. நிஜ ஃபிரெண்ட்லி உயரமான, உரக்கப் பேசுகிற, ஓயாமல் அலைகிற மனிதர். மர்ரோவைத் தள்ளிக்கொண்டு போகும் ஆற்றல் அவருடையது. மார்ச் 9 நிகழ்ச்சியை விளம்பரம் செய்ய சி.பி.எஸ். மறுத்தபோது, இருவரும் சேர்ந்து தங்கள் சொந்தப் பணம் 1,500 டாலர் கொடுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் விளம்பரம் வெளியிட்டார்கள். 1966-இல், வியட்நாம் பற்றிய செனட் விசாரணைக்குப் பதில் பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்பு செய்ததற்காக, சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைமைப் பதவியையே உதறியவர் ஃபிரெண்ட்லி. குளூனியின் ஃபிரெண்ட்லி அடக்கமாக, கேமராவின் கீழே மர்ரோவின் காலடியில் அமர்ந்து சைகை கொடுக்கிறார். இயக்குநர் தம்மைப் பின்னுக்கு நிறுத்திக்கொண்டது பண்பாக இருக்கலாம். ஆனால் அதில் நிஜ ஃபிரெண்ட்லியும் சேர்ந்து சுருங்கிப் போனார்.

லாஞ்செல்லாவின் பேலி நேர்மாறு. படத்தின் மிகச் சிக்கலான பாத்திரம் அதுதான். பேலி வில்லன் அல்லர். மார்ச் 9-க்கு முன் மர்ரோவுக்கு ஆதரவளித்தவர், நிகழ்ச்சியில் கை வைக்காதவர். அதேசமயம் 1950 டிசம்பரில் ஊழியர்கள் அனைவரிடமும் விசுவாச உறுதிமொழிக் கேள்வித்தாள் வாங்கியதும் அவருடைய நிறுவனம்தான். லாஞ்செல்லா குரலை உயர்த்தாமல், மர்ரோவின்மீது உள்ள பிரியத்தையும் கணக்குப் புத்தகத்தின்மீது உள்ள கண்ணையும் ஒரே முகத்தில் வைத்துக்காட்டுகிறார். வரலாறும் அப்படியே நடந்தது. அலுமினிய நிறுவனமான அல்கோவா 1955-இல் ‘சீ இட் நவ்’ விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று ‘64,000 டாலர் கேள்வி’ என்ற வினாடிவினாப் போட்டி சி.பி.எஸ்ஸில் தொடங்கியது, மர்ரோவின் நிகழ்ச்சிக்குச் சரியாக முந்தைய அரை மணி நேரத்தில். அன்று மர்ரோ நடத்திய நிகழ்ச்சி சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் பற்றியது. அந்த நேரத்துக்கு இனி எவ்வளவு விலை கேட்கலாம் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துபோயிற்று. வாராந்தர ‘சீ இட் நவ்’ அந்த ஆண்டோடு முடிந்தது, 1958-இல் நிகழ்ச்சியே நின்றது. படம் இந்த ஆண்டுகளை நெருக்கிச் சுருக்கி, மெக்கார்த்தி விவகாரம் முடிந்த கையோடு பேலி தண்டனை தருவதுபோல் காட்டுகிறது. காலக்கணக்கில் அது தவறு. மெக்கார்த்தியால் முடியாததை ஒரு வினாடிவினாப் போட்டி செய்து முடித்தது என்ற நிஜக் கதை படத்தின் கதையைவிடக் கசப்பானது.

ரே வைஸ் நடித்த ஹாலன்பெக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 9 இரவு பதினொரு மணிச் செய்தியில், மர்ரோ சொன்ன ஒவ்வொரு சொல்லோடும் தாம் உடன்படுவதாக நேயர்களிடம் அறிவித்தவர் அவர். ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் ‘நியூயார்க் ஜர்னல்-அமெரிக்கன்’ இதழில் ஜாக் ஓ’பிரையன் என்ற பத்தி எழுத்தாளர் அவரை ஏற்கெனவே வேட்டையாடிக்கொண்டிருந்தார். அதன் பின் அது இன்னும் கடுமையாயிற்று. உடல்நலமும் மணவாழ்வும் சிதைந்திருந்த ஹாலன்பெக் 1954 ஜூன் 22-இல் தற்கொலை செய்துகொண்டார். ரே வைஸ் எப்போதும் புன்னகைத்தபடியே வருகிறார், அந்தப் புன்னகை ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடுகிறது. புகழ் இருந்தவர் தப்பினார், புகழ் குறைந்தவர் விலை கொடுத்தார் என்பதை அந்தச் சிறிய வேடம் உணர்த்துவதுபோல் படத்தில் வேறெதுவும் உணர்த்தவில்லை.

இப்போது படத்தின் பெரிய குறைக்கு வருகிறேன். யாருக்கு வேடமே கிடைக்கவில்லை? ‘மெக்கார்த்தியிசம்’ என்ற சொல்லை 1950 மார்ச்சிலேயே ‘வாஷிங்டன் போஸ்ட்’ கேலிச்சித்திரத்தில் எழுதிய ஹெர்ப்ளாக் இல்லை. தொடக்கம் முதலே மெக்கார்த்தியை எதிர்த்து எழுதி, 1950 டிசம்பரில் வாஷிங்டன் கிளப் ஒன்றில் அவரிடம் அடியும் வாங்கிய ட்ரூ பியர்சன் இல்லை. 1950 ஜூனில் சொந்தக் கட்சிக்காரரான மெக்கார்த்தியின் போக்கைச் செனட்டில் கண்டித்த மார்கரெட் சேஸ் ஸ்மித் இல்லை. 1954 மார்ச் 9 அன்று பகலிலேயே, மர்ரோவின் ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் முன்பு, செனட்டில் மெக்கார்த்தியைத் தாக்கிப் பேசிய ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பவருக்கு, ஓர் அறையில் இருந்த பத்துப் பேர் நாட்டை மீட்டார்கள் என்றுதான் தோன்றும். மர்ரோ நான்கு ஆண்டு தாமதமாக வந்தவர் என்பது தோன்றாது. சி.பி.எஸ்ஸுக்கு வந்த அழைப்புகளும் தந்திகளும் ஏறத்தாழ 15-க்கு 1 என்ற கணக்கில் மர்ரோவை ஆதரித்தன என்பது உண்மை. காலப் கருத்துக்கணிப்பில் 1954 ஜனவரியில் 50 சதவீதமாக இருந்த மெக்கார்த்தியின் ஆதரவு அந்தக் கோடையில் 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை ராணுவ விசாரணை நடந்தது. அதை முழுமையாக நேரலையில் காட்டியவை ஏ.பி.சி.யும் டூமாண்டும். மர்ரோவின் சி.பி.எஸ். பகல்நேரத் தொடர்களையும் அவற்றின் விளம்பர வருமானத்தையும் விட மனமில்லாமல் நேரலையைத் தவிர்த்தது. 1954 டிசம்பர் 2 அன்று செனட் 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தபோது, அதில் மர்ரோவின் பங்கு உண்டு. ஆனால் அது ஒரு பங்குதான்.

93 நிமிடப் படத்தில் எல்லோரையும் கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் பியர்சனின் பெயரை ஒருவர் வாயால் சொல்ல ஐந்து நொடி போதும். ‘நாம் தாமதமாக வருகிறோம்’ என்று ஃபிரெண்ட்லியோ வெர்ஷ்பாவோ ஓரிடத்தில் சொல்லியிருந்தால், அவர்களுடைய துணிச்சல் குறைந்திருக்காது. மற்றவர்கள் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனம் கடைசியில் எழுந்து நின்றது என்ற கதையில் குற்றவுணர்வும் இருக்கிறது, மீட்சியும் இருக்கிறது. நாடகத்துக்கும் அதுவே வளமான பொருள்.

இந்தக் குறை இருந்தாலும், படம் கையாண்ட முறை தொடர்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பணயக் கைதிகளாக்கப்பட்டதை ஏ.பி.சி. விளையாட்டுப் பிரிவு ஒளிபரப்பியது பற்றி 2024-இல் ‘செப்டம்பர் 5’ வந்தது. பீட்டர் சார்ஸ்கார்ட் ரூன் ஆர்லெட்ஜாகவும், ஜான் மகாரோ ஜெஃப்ரி மேசனாகவும் நடித்தார்கள். திரையில் தோன்றி உலகத்துக்குச் செய்தி சொன்ன ஜிம் மெக்கேயாக யாரும் நடிக்கவில்லை, அவர் பழைய ஒளிப்பதிவிலேயே வருகிறார். கட்டுப்பாட்டு அறை நடிகர்களுக்கு, மானிட்டர் நிஜ மனிதருக்கு என்ற அதே பங்கீடு. 2025-இல் குளூனி தம் படத்தை நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்கில் மேடையேற்றியபோதும் மெக்கார்த்திக்கு நடிகர் தேடவில்லை. பெரிய திரைகளில் அதே சுருள்கள் ஓடின. மாறியது மர்ரோ: இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ரதேர்னிடம் கொடுத்த வேடத்தை 63 வயதில் குளூனி தாமே ஏற்றார், கிளென் ஃபிளெஷ்லர் ஃபிரெண்ட்லியானார். ஜூன் 7 அன்று அந்த நாடகத்தை சி.என்.என். நேரலையில் ஒளிபரப்பியது. அந்த நாட்களில்தான் சி.பி.எஸ்ஸின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சிமீது அதிபர் டிரம்ப் தொடுத்த வழக்கில் அதன் தாய் நிறுவனமான பாரமவுண்ட் சமரசம் பேசிக்கொண்டிருந்தது. ஜூலையில் 1 கோடியே 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியை 1968-இல் உருவாக்கியவர் டான் ஹெவிட், படத்தில் ஹெஸ்லோவ் ஏற்ற அதே டான் ஹெவிட். அதன் தொடக்ககாலத் தயாரிப்பாளர்களில் ஜோ வெர்ஷ்பாவும் ஒருவர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் 1954 மார்ச் 9-இன் அசல் நிகழ்ச்சியையும், ஏப்ரல் 6-இன் மெக்கார்த்தி பதிலையும் பாருங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். அடுத்த இதழில், புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்களின் நிலைமை பற்றி 1960 நவம்பரில் மர்ரோ தொகுத்தளித்த ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ ஆவணப்படத்தைப் பார்ப்போம். மறு ஆண்டு அதை பி.பி.சி. ஒளிபரப்பாமல் தடுக்க முயன்றவர் மர்ரோவேதான். அப்போது அவர் கென்னடி அரசின் தகவல் முகமைத் தலைவர்.